நடுமுன் காண்க: வருங்கால உயிரியல் ஆசிரியரும் களப்புக் கரையும்

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டபொழுது, இலக்கியப் பொருள் ஒன்றையே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். தமிழாசிரியராகிய யாம் சூழலியற் கல்வியைப் பற்றி எழுதப் புகுந்தது ஏனெனச் சிலர் வினவுவர். எமது பிழையொன்றே அதற்குக் காரணம். அதனை மறையாது கூறியபின் பொருளுக்கு வருவோம்.

பல ஆண்டுகளுக்கு முன், ஜூன் 5ஆம் நாளாகிய உலகச் சுற்றாடல் தினத்தை ஒட்டி, மாணவர் சிலர் களப்புக் கரையிற் கண்டல் நாட்டச் சென்றனர். அவர்களை அழைத்துச் சென்ற ஆசிரியருள் யாமும் ஒருவர். சாக்கு நிறையக் கண்டற் காய்களைக் கொணர்ந்து, நீர் வற்றிக் கிடந்த வெளியிற் கயிறு பிடித்து வரிசை வரிசையாக ஊன்றினோம். உரைகள் நிகழ்ந்தன, படம் எடுக்கப்பட்டது, சிற்றுண்டி வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதே காலத்தில், 'மரம் நடுவோம்' என்னுந் தலைப்பில் வகுப்பிற்குக் கட்டுரைப் பயிற்சி கொடுத்தோம். தாம் நட்ட கன்றுகள் தழைத்துக் காடாய் நிற்பதாக மாணவர் பலர் அணிபட எழுதினர். ஒருவன் மட்டும், நட்டவற்றுள் ஒன்றுமே இல்லையென்றும், சில காய்ந்தன, சிலவற்றை மாடு மேய்ந்தது, ஏனையவற்றை நீர் கொண்டுபோயிற்று என்றும் எழுதியிருந்தான். அவன் கட்டுரையின் கீழ், 'மங்கலமாக முடித்தல் வேண்டும்' எனச் சிவப்பு மையால் எழுதிப் புள்ளியைக் குறைத்தோம். ஏனையோருக்கு 'நன்று' என எழுதினோம்.

அம்மாணவன் பின்னர் உயர்தரத்தில் உயிரியல் பயின்று, தேசிய கல்வியியற் கல்லூரியொன்றிற் சேர்ந்தான். பயிற்சிக் காலத்து விடுமுறையொன்றில் எம்மிடம் வந்து, "சேர், களப்பில எடுத்த குறிப்புகளைத் தமிழில ஒழுங்கா எழுத வேணும், ஒருக்காப் பாத்துத் தருவீங்களா?" எனக் கேட்டான். குறிப்பைத் திருத்துமுன் இடத்தைக் காண்போமென அவனுடன் கரைக்குச் சென்றோம். யாம் முன்பு காய் ஊன்றிய அதே வெளி. ஒரு கன்றும் அங்கில்லை. பழைய கட்டுரையைப் பற்றி அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை, யாமே நினைந்துகொண்டோம். கண்டதை எழுதியவனுக்குக் குறைந்த புள்ளியும், காணாததை எழுதியோருக்கு மிகுந்த புள்ளியும் வழங்கியிருந்தோம். அவ்வெளியில் அன்று தொடங்கிய கல்வியின் பயனே இக்கட்டுரை.

இடமும் இயலும்

மதுரங்குளி, கொழும்பு – புத்தளம் நெடுஞ்சாலையில், முந்தலுக்கும் பாலாவிக்கும் இடையே அமைந்தவூர். தெற்கே முந்தற் களப்பும், வடமேற்கே புத்தளம் களப்பும் உள. ஒல்லாந்தர் கால்வாய் என மக்கள் வழங்கும் நீர்வழி இவ்விரண்டையும் இணைக்கின்றது. புத்தளம் களப்பு ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. ஆழமோ மிகக் குறைவு. கலா ஓயாவும் மீ ஓயாவும் அதனுள் நன்னீரைக் கொணர்கின்றன. கடல்வாய் வடக்கே இருத்தலால், தென்கோடியில் நீர் எளிதில் மாறுவதில்லை. மழையற்ற மாதங்களில் அங்கு நீர் ஆவியாகி, உவர் கடல்நீரினும் மிகுகின்றது. புத்தளத்திலும் பாலாவியிலும் உப்பளங்கள் அமைந்தமைக்கு இயற்கையின் இவ்வமைதியே காரணம். உப்பு விளைதற்கு ஏற்ற நிலம் எல்லா மரமும் விளைதற்கு ஏற்றதாகாது என்பதை, எம்மூர்ப் பிள்ளைகள் எந்நூலையும் புரட்டாமலே அறிதல் கூடும்.

உயிர்கள் தம்முள்ளும் தாம் வாழும் இடத்தோடும் கொண்டுள்ள தொடர்பை ஆராய்வது சூழலியல். இவ்வியலுக்கு மேனாட்டு மொழியிற் பெயரிட்டவர் எர்ணஸ்ட் ஹெக்கல் என்னும் ஜேர்மானிய அறிஞர், ஆண்டு 1866. உயிர்த்தொகுதியையும், அதற்கு ஆதாரமான மண், நீர், காற்று, ஒளி என்பவற்றையும் ஒரே தொகுதியாகக் கொள்ளும் 'சூழற்றொகுதி' என்னுங் கருத்தை 1935இல் வகுத்துரைத்தவர் ஆதர் ரான்சிலி என்னும் ஆங்கிலத் தாவரவியலார்.

அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லுக என்பது ஆசிரியர் கலாசாலையில் யாம் முதலிற் கற்ற விதி. தமிழ் மாணவன் அறிந்தது ஐந்திணை. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். அந்நிலத்துக்குரிய மரம், விலங்கு, பறவை, உணவு, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றார். புன்னையும் தாழையும் ஞாழலும் நெய்தலுக்குரியவை. அவை குறிஞ்சியிற் சொல்லப்படின் வழுவெனத் தமிழாசிரியர் திருத்துவர். ஆயினும் திணைப் பாகுபாடு செய்யுட்கு வகுத்த மரபாதலின், அதனை விஞ்ஞான நூலாகக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும் ஓர் உண்மையை அது நன்கு உணர்த்தும்: ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய மரம் உண்டு, நிலத்தையும் பொழுதையும் அறிந்த பின்னரே மரத்தைப் பேசுதல் வேண்டும். மக்களின் தொழிலையும் மரத்தோடும் பறவையோடும் ஒருங்கு வைத்து எண்ணியமையும் கருதத்தக்கது. மீன்பிடித்தலை நீக்கிக் களப்பைக் கற்பிக்க முயல்வோர் பாதிக் களப்பையே கற்பிப்பர்.

கண்டல் கற்பிக்கும் பாடம்

எம் கரையில் உவர் நீரைத் தாங்கி வளரும் மரங்கள் பல. அவற்றுள் மூன்றை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம்.

முதலாவது கண்டல். தண்டிலிருந்து வளைந்திறங்கும் தாங்குவேர்களால் இதனை எவரும் அறிவர். களப்புச் சேற்றில் ஒட்சிசன் மிக அரிது. காலை அழுத்தினால் எழும் கூழ்முட்டை மணம், ஒட்சிசனின்றி வாழும் பற்றீரியாக்கள் உண்டாக்கும் ஐதரசன் சல்பைட்டின் மணமேயாம். அத்தகைய சேற்றிற் புதைந்த வேருக்கு வேண்டிய காற்றை, நீருக்கு மேலுள்ள தாங்குவேரின் நுண்டுளைகள் உட்கொள்கின்றன. உப்பின் பெரும்பகுதியை வேரே உள்ளே விடாது தடுக்கின்றது. இதன் வித்து தாய்மரத்திலிருக்கும்பொழுதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு, பின்னரே கீழே விழுகின்றது. நாம் கண்டற்காய் என்பது உண்மையில் நாற்றேயாம்.

இரண்டாவது கண்ணா. இதன் அடியைச் சூழ்ந்து, பென்சில் நட்டதுபோலச் சேற்றிலிருந்து மேனோக்கி நிற்பவை மூச்சுவேர்கள். இது உப்பை உள்ளே ஏற்று, இலையிலுள்ள சுரப்பிகளால் வெளியேற்றுகின்றது. வெயிற் காலத்தில் இலையை நாவால் தொட்டால் உப்புக் கரிக்கும். கண்டல் தாங்க இயலாத கடும் உவரையும் கண்ணா தாங்கும்.

மூன்றாவது தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லையென்னும் பெயரைத் தந்த மரம் இதுவே. நீர் எப்போதும் நிற்கும் இடத்தை விட்டு, சற்று மேடான கரைப்பக்கத்தில் இது நிற்கும். இதன் பால் கண்ணிற் பட்டாற் பெருந்தீங்கு விளையும்; மாணவரை அழைத்துச் செல்வோர் இதனை முதலிற் சொல்லிவைத்தல் வேண்டும்.

நீரிலிருந்து கரைநோக்கி ஒரு கயிற்றை நேராக இழுத்து, அதனருகே நடந்து சென்றால், இம்மரங்கள் மாறி மாறி வருவதைக் காணலாம். நீர் ஒவ்வொரு நாளும் எத்துணை உயரம் ஏறுகின்றது, எத்துணை நேரம் நிற்கின்றது, எத்துணை உவருடையது என்பவற்றுக்கேற்ப மரங்கள் இடம் பிடித்துள்ளன. ஒரு சாணளவு மேடும் பள்ளமும் இங்கு பெரிய வேறுபாடாகும். சேற்று நண்டுகள் வளை தோண்டி மண்ணுக்குள் நீரையும் காற்றையும் செலுத்துகின்றன. உதிர்ந்த இலைகளை இழுத்துத் தின்று சிதைக்கின்றன. அவ்விலைத் துகளால் வளரும் சிற்றுயிர்களை இறாலும் மீன்குஞ்சும் உண்கின்றன. வலை வீசுபவனின் அடுப்பு எரிதற்கும் கண்டலின் இலை உதிர்தற்கும் உள்ள தொடர்பு இதுவாகும்.

நட்டவை எங்கே?

இத்தனையும் பாடநூலில் உள்ளன. எனினும் யாம் காய் ஊன்றிய வெளியில் ஒன்றும் முளையாதது ஏன்? எமது அனுபவம் எமக்கு மட்டும் உரியதன்று என்பதை ஓர் ஆய்வினால் அறிந்தோம்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின், இலங்கைக் கரையெங்கும் கண்டல் நடும் முயற்சிகள் பெருகின. அவற்றின் விளைவை றுகுணுப் பல்கலைக்கழக ஆய்வாளரும் பெல்ஜியம் நாட்டு ஆய்வாளரும் நேரிற் சென்று எண்ணி, 2017இல் வெளியிட்டனர். 23 இடங்களில் நிகழ்ந்த 67 நடுகை முயற்சிகளை அவர்கள் ஆராய்ந்தனர். நடுகைக்குட்பட்ட பரப்பு 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை. அவற்றுள் வெற்றியெனக் கொள்ளத்தக்கது 200 முதல் 220 ஹெக்டேயர் வரையே. 9 இடங்களில் ஒரு கன்றுமே எஞ்சவில்லை. பாதிக்கு மேற்பட்ட கன்றுகள் பிழைத்த இடங்கள் மூன்றே: கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு. இவற்றுள் முதலிரண்டும் எமது மாவட்டத்தன என்பது மகிழ்ச்சிக்குரியது. நட்டபின் தொடர்ந்து பேணிய இடங்களிலேயே கன்றுகள் மிகுதியாகப் பிழைத்தன என்பதும் அவ்வாய்வின் முடிபு.

தோல்விக்குக் காரணங்கள் விளங்குதற்கு அரியனவல்ல. கண்டற்காய் பெரிது, எளிதிற் சேகரிக்கலாம், எவரும் ஊன்றலாம். ஆதலின், கண்ணாவுக்கு உரிய இடத்திலும் தில்லைக்கு உரிய இடத்திலும் கண்டலையே நடுவர். சிலர் எப்பொழுதும் நீர் நிற்கும் தாழ்வான சேற்று வெளியில் நடுவர். அங்கே வேர் மூச்சடைத்து அழியும். சிலர் நீர் எட்டாத மேட்டில் நடுவர். அங்கே கன்று வறண்டு போகும். சாதாழை என்னும் கடற்புல் வளர்ந்த படுகையை வெற்றுவெளியென எண்ணி நடுவோரும் உளர். மீனுக்கும் நண்டுக்கும் உறைவிடமான ஒன்றை மிதித்தழித்து வேறொன்றை ஊன்ற முயல்வது அது. நட்டபின் மாடு மேயாது காக்க வேலியுமில்லை. மறுமாதம் சென்று பார்க்க ஆளுமில்லை.

நாம் இங்கு கருதவேண்டியது, கன்று அழிந்த நட்டத்தினும் பெரியதொரு நட்டத்தை. நடுகை விழாவில் நின்ற மாணவன், இயற்கைக்கு நன்மை செய்துவிட்டோமென்னும் நிறைவோடு வீடு செல்கின்றான். கன்று அழிந்தது அவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதனைச் சொல்லுதல் ஆகாதென எம்போன்ற ஆசிரியர் கற்பித்துவிடுகின்றோம். அவன் நாளை உயிரியல் ஆசிரியனாகி, முப்பது ஆண்டு கற்பித்து, அதே விழாவை முப்பது முறை நடத்துவான்.

நீரின் வழி

எமது கரையின் மற்றொரு பாடம் இறாற் பண்ணையாகும். வடமேற்குக் கரையில் 1980களிற் பெருகிய இத்தொழிலால் பலர் வாழ்வு பெற்றனர். ஆயின், களப்போரக் காடுகளும் சேற்று நிலங்களும் குளங்களாக வெட்டப்பட்டன. ஒரு பண்ணையின் கழிவுநீர் அடுத்த பண்ணையின் உள்நீராயிற்று. ஒல்லாந்தர் கால்வாயும் களப்பும் பலருக்கும் பொதுவான நீர்வழிகளாதலின், நோயும் பொதுவாயிற்று. 1990களில் வெண்புள்ளி நோய் பரவியபொழுது பல குளங்கள் கைவிடப்பட்டன. அவற்றின் வரம்புகள் இன்றும் ஆங்காங்கே கரையில் நிற்கின்றன.

கைவிடப்பட்ட அத்தகைய குளத்தினுட் கண்டலை நட்டால் வளருமா? வரம்பு நிற்கும்வரை நீர் வந்து மீள்வதில்லை. தேங்கிய நீர் வற்ற வற்ற உவர் மிகும். வரம்பை உரிய இடங்களில் உடைத்து, நீரோட்டத்தை மீட்டால், அயலிலுள்ள மரங்களின் வித்துக்கள் நீரோடு வந்து தாமே முளைத்தல் கூடும். சிலாபத்துக்கு வடக்கே உள்ள ஆனைவிழுந்தான் சரணாலயத்தில் இவ்வழி கையாளப்பட்டு வருகின்றது. பழந்தொடர்க் குளங்களும் கரையோரச் சேற்று நிலங்களும் ஒருங்கமைந்த அவ்விடம், 1,397 ஹெக்டேயர் பரப்புடையது. 2001இல் இரம்சார் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பெற்றது. விஞ்ஞான அடிப்படையில் இலங்கை மேற்கொண்டுவரும் கண்டற்காட்டு மீளாக்கத்தை, 2024ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஐக்கிய நாடுகள் அமைப்பு உலகுக்கு முன்மாதிரியான மீளாக்க முயற்சிகளுள் ஒன்றாக அறிவித்தது.

பாக்கு நீரிணைக்கு அப்பாலும் இதற்குச் சான்றுண்டு. தமிழ்நாட்டிற் பிச்சாவரம், முத்துப்பேட்டைக் காடுகள் சிதைந்ததற்கு மக்கள் விறகு வெட்டியதும் ஆடுமாடு மேய்த்ததுமே காரணமெனப் பலர் எண்ணியிருந்தனர். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களில் நிலத்தை ஆராய்ந்தபொழுது வேறு காரணம் வெளிப்பட்டது. முற்காலத்தில் வனத்துறையினர் பகுதி பகுதியாகக் காட்டை முற்றாக வெட்டியபொழுது, வெயில் பட்ட சேறு வற்றித் தாழ்ந்து பள்ளமாயிற்று. பள்ளத்திற் புகுந்த நீர் மீளாது தேங்கி, உவர் மிகுந்து, வித்து முளையாதாயிற்று. நிறுவனத்தாரும் வனத்துறையும் ஊர்மக்களும் கூடி, மீன்முள் போன்ற அமைப்பிற் கால்வாய்கள் வெட்டி, ஏற்றநீர் வந்து மீள வழிசெய்தனர். அதன் பின்னரே கன்றுகளை நட்டனர். அவை வளர்ந்தன. நோயின் காரணத்தைக் கண்டு மருந்து கொடுத்தமையே அவ்வெற்றியின் இரகசியம்.

காண்டல், கருதல், உரை

இனி ஆசிரியர் பயிற்சிக்கு வருவோம். 1977ஆம் ஆண்டு ஒக்டோபரில், யுனெஸ்கோ நிறுவனம் ஜோர்ஜியாவின் தலைநகராகிய திபிலிசியிற் கூட்டிய மாநாடு, சூழற் கல்வியின் நோக்கங்களை ஐந்தாக வகுத்தது: விழிப்புணர்வு, அறிவு, மனப்பாங்கு, திறன், பங்கேற்பு. எமது பாடசாலைகளில் முதலாவதும் இறுதியதும் விழாக்களால் ஒருவாறு நிறைவேறுகின்றன. அறிவு பாடநூலால் வருகின்றது. அளத்தல், எண்ணுதல், பதிதல், ஐயுறுதல் என்னுந் திறன்களே இடைவழியில் விடுபடுகின்றன. திறனற்ற பங்கேற்பின் விளைவே யாம் முன்பு கூறிய வெற்று வெளி.

இத்திறனைப் பயிற்றுதற்கு எம் மரபிலேயே ஒரு கருவி உண்டென்பதை அப்பழைய மாணவனின் குறிப்பேட்டைத் திருத்தும்பொழுது உணர்ந்தோம். சைவசித்தாந்தம் கற்ற எம் கல்லூரி மாணவர் அளவைகளை அறிவர். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், பல அளவைகளையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கினார். பொறிகளால் அறிவது காண்டல். கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கார் கூற்றால் அறிவது உரை. மெய்ப்பொருளை ஆராய வகுத்த இம்முறையைச் சேற்றை ஆராய்தற்குப் பயன்படுத்துவது இழிவெனச் சான்றோர் எண்ணாரென நம்புகின்றோம்.

அம்மாணவன், "இவ்விடத்தில் உப்பு மிகுந்ததாற் கன்றுகள் இறந்தன" என ஒரே வாக்கியத்தில் எழுதியிருந்தான். யாம் ஏட்டின் பக்கத்தை மூன்றாகப் பிரிக்கச் சொன்னோம். காண்டல் என்னும் பிரிவில், நட்ட காய்களுள் ஒன்றும் இல்லை என்றும், மண்மேல் வெள்ளைப் படிவு உள்ளது என்றும் எழுதினான். உப்பு மிகுதியாற் கன்றுகள் இறந்திருக்கலாம் என்பது கருதலுக்குச் சென்றது. மாடு மேய்ந்ததாகக் கரையிலுள்ளோர் சொன்னது உரைக்குச் சென்றது. பிரித்த மாத்திரத்தே அவனே ஒரு வினாவை எழுப்பினான்: இறந்தது உப்பாலா, மாட்டாலா என்பதை எவ்வாறு வேறுபடுத்துவது? வேலியிட்டு ஒரு பகுதியும், வேலியின்றி ஒரு பகுதியும் விட்டுப் பார்ப்பதே வழி. மூன்று பிரிவு கோடிட்டதன் பயனாக ஒரு பரிசோதனை பிறந்ததைக் கண்டோம்.

அன்று கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எம் உரையாடலைக் கேட்டுச் சிரித்தார். "மாஸ்டர், கண்டல் எங்க நிக்கும், எங்க நிக்காது எண்டு நாங்க சொல்லுவம். ஏன் எண்டு நீங்கதான் சொல்லோணும்" என்றார். உரை என்னும் பிரிவில் முதலிடம் பெறத்தக்கவர் அத்தகையோரே. ஊன்றுமுன் அவரைக் கேளாதது எமது பிழை. அவர் சொல்வதை அளந்து பாராது அப்படியே ஏற்பதும் பிழையாகும்.

பயிற்சியில் வேண்டுவன

வருங்கால உயிரியல் ஆசிரியர்க்கு வேண்டுவனவாக யாம் கருதுவனவற்றைச் சுருக்கித் தருகின்றோம்.

முதலாவது, ஒரே இடத்துக்கு மீண்டும் மீண்டும் செல்லுதல். பத்து இடங்களுக்கு ஒருமுறை செல்லும் சுற்றுலாவினும், ஓரிடத்துக்கு மாதமொருமுறை ஓராண்டு செல்லுதல் சிறந்தது. மாரிக்கும் கோடைக்கும் களப்பு எத்துணை வேறுபடுகின்றது என்பதை அப்போதுதான் அறியலாம்.

இரண்டாவது, எளிய கருவிகளால் அளத்தல். ஒரு லீற்றர் நீரை மெல்லக் காய்ச்சி எஞ்சும் உப்பை நிறுத்தால் அதன் உவரளவு தெரியும். திறந்த கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு எஞ்சும். கோடையிற் களப்பின் தென்கோடி நீரைக் காய்ச்சி இதனோடு ஒப்பிடுக. கோடிட்ட ஒரு கம்பைச் சேற்றில் நாட்டினால் நீரின் ஏற்றவிறக்கம் தெரியும்.

மூன்றாவது, நடுநிலையோடு எண்ணுதல். ஒரு மீற்றர் நீளமும் அகலமும் உடைய சட்டத்தை நிலத்தில் வைத்து, அதனுட்பட்ட கன்றுகளை எண்ணுக. பசுமையான இடமாகப் பார்த்துச் சட்டத்தை வைத்தாற் காடு செழித்ததாகத் தோன்றும்; வறண்ட இடமாகப் பார்த்து வைத்தால் அழிந்ததாகத் தோன்றும். ஆதலின், கயிற்றில் இலக்கமிட்டுச் சீட்டுக் குலுக்கி வந்த இடத்திலேயே வைத்தல் வேண்டும். விருப்பு வெறுப்பு விஞ்ஞானத்தினுட் புகாது காக்கும் வாயில் இதுவே.

நான்காவது, அழிவையும் பதிதல். நட்டவை நூறாயின், ஒரு மாதத்தில் எத்தனை, ஆறு மாதத்தில் எத்தனை, ஓராண்டில் எத்தனை என எழுதுக. முடிவு சுழியமாயின் சுழியமென்றே எழுதுக. அதற்குப் புள்ளி குறைக்கும் ஆசிரியர், யாம் செய்த பிழையையே செய்பவராவர்.

ஐந்தாவது, நடாது விடவும் அறிதல். நடும் இடத்துக்கு அருகே அதே அளவான இடத்தை வெறுமனே விட்டு இரண்டையும் ஒப்பிட்டால், இயற்கை தானே செய்வது எவ்வளவு, நாம் செய்தது எவ்வளவு என்பது விளங்கும்.

ஆறாவது, ஊர்ப்பெயரையும் விஞ்ஞானப் பெயரையும் ஒருங்கே கற்றல். ஒரே மரத்துக்குக் கரைதோறும் வேறு பெயர் வழங்குதலும், ஒரே பெயர் இரு மரங்களுக்கு வழங்குதலும் உண்டு. ஊர்ப்பெயரை மட்டும் அறிந்தவன் அயலூரில் மயங்குவான். விஞ்ஞானப் பெயரை மட்டும் அறிந்தவன் மீனவரோடு பேசமாட்டான். இவ்வேலையில் தமிழாசிரியரும் உயிரியல் ஆசிரியரும் கைகோத்தல் நன்று. சிலாபத்தை அடுத்த பம்பலவில் 2016இல் திறக்கப்பட்ட கண்டற்காட்டு அருங்காட்சியகத்தைப் போன்ற இடங்களைப் பார்த்து வருதல் இதற்குத் துணையாகும். எனினும் கரையிற் கால் நனையாது கற்ற பெயர் நெடுநாள் நில்லாது.

முடிவுரை

பழைய மாணவர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். உங்களிற் பலர் இக்கரையில் வளர்ந்தவர்கள். எவ்விடத்திற் காடு இருந்தது, எவ்விடத்தில் எம்மீன் பட்டது, எவ்வரம்பு எப்பொழுது கட்டப்பட்டது என்பவை உங்கள் நினைவில் உள்ளன. அவற்றை எழுதியோ சொல்லியோ கல்லூரிக்குத் தாருங்கள். உரை என்னும் பிரிவில் அவற்றைப் பதிந்து வைப்போம். இன்றைய மாணவர் சென்று காண்டலால் ஒப்புநோக்குவர். நன்கொடையாகக் கட்டடம் தருதல் நன்று. நினைவைத் தருதலும் கல்லூரிக்குச் செல்வமேயாம்.

மாணவர்களே, இவ்வாண்டும் சுற்றாடல் தினம் வரும். நடவேண்டாமென யாம் கூறவில்லை. கற்பிட்டியிலும் பம்பலவிலும் நட்டவை பிழைத்தன. உரிய இடத்தில் உரிய மரத்தை நட்டுக் காத்தால் இங்கும் பிழைக்கும். ஆனால் மண்வெட்டியை எடுக்குமுன் குறிப்பேட்டை எடுங்கள். முந்திய ஆண்டு நட்டவற்றை முதலில் எண்ணிவிட்டு, அதன்பின் இவ்வாண்டுக் கன்றை நடுங்கள்.

எமது பழைய மாணவன் இன்று ஒரு பாடசாலையில் ஆசிரியன். அவன் வகுப்பினர் வேலியிட்டும் இடாதும் விட்ட இரு சிறு பகுதிகளை மாதந்தோறும் எண்ணி வருகின்றனர். வேலியினுள் இருப்பவை கண்ணாக் கன்றுகள். அவற்றை எவரும் நடவில்லை, நீர் கொணர்ந்தவை. அவர்களது குறிப்பேட்டை அண்மையில் எமக்கு அனுப்பி மொழியைத் திருத்தித் தருமாறு கேட்டிருந்தான். எழுத்துப்பிழை சில இருந்தன, திருத்தினோம். ஒரு மாதத்துக்குரிய பக்கத்தில், 'வேலிக்கு வெளியே: ஒன்றும் இல்லை' எனச் சிறுமி ஒருத்தி எழுதியிருந்தாள். அதன் கீழே சிவப்பு மையால் 'நன்று' என எழுதி அனுப்பினோம்.